ஊசிக்கு முந்தைய மூன்று மாதங்கள்: கருத்தரிப்பு மைய மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். மாதவிலக்கான இரண்டாம் நாள் ஸ்கேன், அன்றிலிருந்து பத்து நாள் போல முட்டை வளர ஊசி, அப்புறம் முட்டை எடுப்பது, கருவை வைப்பது என்று ஐவிஎஃப் என்னும் சோதனைக்குழாய்க் கருத்தரிப்புச் சிகிச்சைக்கு உங்களிடம் துல்லியமான அட்டவணை இருக்கிறது. அதற்கு முந்தைய மாதங்களுக்குத்தான் எதுவும் இல்லை.

கணவர்களிடமிருந்து தொடங்குகிறேன். ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளியே வர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகிறது. அதனால் முட்டை எடுப்பதற்கு முந்தைய வாரம் சிகரெட்டை விட்டால் பெரிதாகப் பயன் இருக்காது. என் கணவரிடம் மாதிரி வாங்கினார்கள், அறிக்கையைப் புரட்டினார்கள், 'ஓகே' என்றார்கள், அவ்வளவுதான். குடிப்பாரா, ஃபவுண்ட்ரியில் உலைக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவரா, உடம்பை ஏற்ற ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறவரா என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும் என்பது போடுகிற பையன்களில் பலருக்குத் தெரியாது. ஃபைல்கூட மனைவி பெயரில்தான் இருக்கிறது!

பெண்களுக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை உண்டு. ஃபோலிக் அமில மாத்திரையைக் கரு தங்குவதற்கு ஒரு மாதம் முன்பாவது ஆரம்பிக்க வேண்டும், தினம் 400 மைக்ரோகிராம். ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) தடுப்பூசி தேவைப்பட்டால், போட்ட பிறகு ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது. தைராய்டும் சர்க்கரையும் கட்டுக்குள் வரவும் நாள் பிடிக்கும். இதையெல்லாம் ஊசி தொடங்குகிற வாரத்தில் கண்டுபிடித்து என்ன செய்வது?

முப்பத்தொன்பது வயதுக்காரரைக் காத்திருக்கச் சொல்ல முடியாது என்பீர்கள். சரி, நியாயம்தான். ஆனால் இருபத்தெட்டு வயதுப் பெண்ணிடமும் 'ஏஎம்ஹெச் குறைவு, இந்த மாதமே தொடங்கணும்' என்று அவசரப்படுத்துகிறார்களே? எத்தனை முட்டை மிச்சம், ஊசிக்கு எத்தனை கிடைக்கலாம் என்பதைத்தான் அந்த ஹார்மோன் ரத்தப் பரிசோதனையின் எண் காட்டும். முட்டையின் தரத்தைப் பெரும்பாலும் வயதுதான் தீர்மானிக்கிறது. இது உங்களுக்குத் தெரியும். எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத் தெரியாது.

வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு, இரட்டைக் கர்ப்ப ஆபத்து எல்லாவற்றையும் தம்பதிக்கு விளக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டமே சொல்கிறது. எங்களுக்குக் கிடைத்தது ஆங்கிலத்தில் ஒரு கட்டுக் காகிதம், கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சில் டிக். 'பேக்கேஜ்' தொகையில் ஊசி சேராது, கருவை உறையவைத்துப் பாதுகாக்கும் கட்டணம் தனி என்பதெல்லாம் பில் போடும்போதுதான் தெரிந்தது. நகையை அடகு வைத்துவிட்டு வருகிறவர்களுக்கு இது சின்ன விஷயமா?

நான் கேட்பது பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை. முதல் தடவை வரும்போதே தமிழில் ஒரு தாள் கொடுங்கள், கணவன் மனைவி இருவர் பெயரும் போட்டு. யார் எதை எப்போது நிறுத்த வேண்டும், எதைத் தொடங்க வேண்டும், மொத்தச் செலவு எவ்வளவு, எங்கள் வயதில் உங்கள் மையத்தில் குழந்தை பிறந்த விகிதம் என்ன என்று அதில் எழுதுங்கள். ஒப்புதல் படிவத்தையும் அன்றே தந்துவிடுங்கள், வீட்டில் வைத்துப் படிக்கிறோம். ஊசியால் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு, ராத்திரியில் வயிறு உப்பி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்தால் கூப்பிட ஒரு போன் நம்பரும் அதில் இருக்கட்டும். தயவுசெய்து வரவேற்பறை நம்பர் வேண்டாம், சாயங்காலத்துக்குப் பிறகு அதை யாரும் எடுப்பதில்லை.

இப்படிக்கு,
உங்கள் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்த ஒருத்தி