பச்சைச் சாயத்துக்குள் ஒரு சேவல்: குஞ்சுப் பொரிப்பக உரிமையாளர்களுக்கு

நாமக்கல் வட்டாரத்து முட்டைக்கோழிக் குஞ்சுப் பொரிப்பக உரிமையாளர்களுக்கு, வணக்கம்.

நான் அரசுப் பள்ளியில் உயிரியல் நடத்துபவன். போன மாதம் மாசிமகத்தன்று கோயில் வாசலில் ஒருவர் அட்டைப்பெட்டி நிறையக் கோழிக்குஞ்சுகளை வைத்து விற்றுக்கொண்டிருந்தார். பச்சை, ரோஸ், ஊதா. என் வகுப்புப் பையன் பச்சைக் குஞ்சு ஒன்றை வாங்கிவந்து காட்டினான். இறக்கையை விரித்துப் பார்த்தேன். சாயம் ஊறி இறகுகள் ஒட்டிக்கிடந்தன. ஈரத்துணியால் மெல்லத் துடைத்ததும், இரண்டு வரிசை இறகுகளும் ஒரே நீளத்தில் தெரிந்தன. நினைத்தது சரிதான், சேவல். மறுநாள் காலை அது செத்துப்போய்விட்டதாக வந்து சொன்னான்.

இறக்கையைப் பார்த்துச் சேவல், பெட்டை பிரிக்கும் வித்தையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூடப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மனிதரில் பிள்ளை ஆணா பெண்ணா என்பது தகப்பன் தரும் குரோமோசோமைப் பொறுத்தது. பறவைகளில் இது தலைகீழ். சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம். பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. தாய்க்கோழி இசட்டைக் கொடுத்தால் சேவல், டபிள்யூவைக் கொடுத்தால் பெட்டை. (பெண் பெற்றாள் என்று மருமகளைத் திட்டும் வீடுகள் கோழிக் கூண்டாக இருந்திருந்தால், அந்தப் பேச்சில் அறிவியலாவது இருந்திருக்கும்.)

இறகை மெதுவாக முளைக்கவைக்கும் மரபணு ஒன்று இந்த இசட்டில் இருக்கிறது. அதை உடைய தாயோடு, இறகு வேகமாக முளைக்கும் தகப்பனைச் சேர்க்கிறார்கள். தாயின் ஒரே இசட் மகனுக்குத்தான் போகும். மகனிடம் தகப்பனின் இசட்டும் இருந்தாலும், மெதுவாக்கும் மரபணுவே ஓங்கி நிற்கும். மகளுக்குக் கிடைப்பது தகப்பனின் இசட் மட்டும். ஆகவே அம்மாவின் குணம் மகனுக்கும் அப்பாவின் குணம் மகளுக்கும் போய்ச் சேர்கிறது. பொரித்த அன்று பெட்டையின் இறக்கையில் முதன்மை இறகுகள், மேலே மூடியிருக்கும் வரிசையைத் தாண்டி நீண்டிருக்கும். சேவலுக்கு இரண்டும் சமமாக இருக்கும், அல்லது முதன்மை இறகுகள் குட்டையாக இருக்கும். பழகிய கைக்கு ஒரு நொடி போதும்.

முதல் உலகப்போரில் பிரிட்டனில் தீவனம் தட்டுப்பட்டபோது, இறகு நிறத்தைக் கொண்டு சேவல் குஞ்சுகளைப் பொரித்த அன்றே கண்டுபிடித்து ஒதுக்கலாம் என்று யோசனை சொன்னவர் கேம்பிரிட்ஜின் ரெஜினால்டு பன்னட். பெற்றோரின் மரபணுக்கள் பிள்ளைகளில் எப்படிச் சேரும் என்று காட்ட வகுப்பில் நான் கரும்பலகையில் வரையும் பன்னட் கட்டம் அவர் பெயரில் உள்ளதுதான். அந்தக் கட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சரிபாதி இடம். தீவனத்தை மாற்றினாலும் வெப்பத்தை மாற்றினாலும் அடைகாக்கும் பெட்டியை மாற்றினாலும் இந்தப் பாதி அசையாது. அடைவைத்த 21ஆம் நாள் பொரித்து நீங்கள் பண்ணைக்கு அனுப்பும் ஒவ்வொரு பெட்டைக்கும் ஒரு சேவல் வேண்டாததாக நிற்கிறது. அது முட்டையிடாது, பிராய்லர் போலச் சதையும் போடாது. அதனால் அரவை இயந்திரத்துக்கோ மூச்சுமுட்டும் மூட்டைக்கோ போகிறது. தப்பியது சாயத் தொட்டிக்கு வருகிறது.

நான் முட்டைக்கு விரோதி இல்லை. என் பிள்ளைகள் வாரத்தில் ஐந்து நாள் சத்துணவில் முட்டை சாப்பிடுகிறார்கள். அது நின்றால் முதலில் சண்டைக்கு வருபவன் நானாகத்தான் இருப்பேன். ஆனால் முட்டை விலையைத் தினமும் பைசா கணக்கில் அறிவிக்கும் தொழில் உங்களுடையது. இத்தனை பெட்டை விற்றோம், இத்தனை சேவலை இன்ன வழியில் கழித்தோம் என்று ஆண்டுக்கொரு முறை அறிவிப்பது பெரிய காரியமா?

ஜெர்மனி 2022 ஜனவரி முதல் சேவல் குஞ்சுகளைக் கொல்வதற்குத் தடை விதித்தது. அங்கே முட்டைக்குள் இருக்கும்போதே ஆணா பெண்ணா என்று கண்டு பிரிக்கிறார்கள். அந்த இயந்திரத்தை அப்படியே வாங்கிவாருங்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கே பயன்படும் முறைகளில் ஒன்று, ஓட்டின் வழியே ஒளியைப் பாய்ச்சி உள்ளிருக்கும் கருவின் இறகு நிறத்தைப் பார்ப்பது. பழுப்பு முட்டையிடும் இனங்களில் ஆணும் பெண்ணும் வேறு நிறம், அதனால் பலிக்கிறது. நம் பண்ணைகளில் இருப்பவை வெள்ளைக் கோழிகள், இரண்டும் வெள்ளை. நமக்கு ஆகக்கூடியது முட்டையிலிருந்து துளி திரவம் எடுத்து ஹார்மோனையோ மரபணுவையோ சோதிப்பது போன்ற, நிறத்தை நம்பாத முறை. செலவு கூடும், மறுக்கவில்லை. நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தனியாக முடியாவிட்டால், சங்கமாகச் சேர்ந்து அவர்களோடு ஒரே ஒரு பொரிப்பகத்தில் சோதித்துப் பாருங்கள். ஹைதராபாத்தில் உருவான வனராஜா, கிராமப்ரியா போன்ற இனங்களில் சேவலுக்கும் கறிக்கென்று மதிப்பு உண்டு. சிறு அளவில் அந்த வழியும் இருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் காலம் பிடிக்கும். சாய வியாபாரிகளுக்குக் குஞ்சு கொடுப்பதை நிறுத்த ஒரு நாள்கூட ஆகாது. வாசலில் வந்து நிற்பவரிடம் இல்லை என்று சொன்னால் போதும். சித்திரையில் எங்கள் ஊர்த் தேர். அதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியர்