துணியின் மேல் பழி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்கினால் சுங்கை சிப்புட் தையல் கடைகளுக்குப் புதுத் துணியோடு பழைய துணியும் வரும். "இந்த ஜிப்பாவுக்கு ராசியே இல்லை, போட்டாலே கிழியுது", "இந்தப் புடவையைக் கட்டினா ஏதாவது கொட்டிடுது" என்பார்கள். அதே வீட்டில் காலர் நைந்துபோன சட்டை ஒன்றை ராசியானது என்று விடாமல் போடுவார்கள். தையலைப் பிரித்துப் பார்க்கிற எங்களுக்குக் காரணம் தெரியும்.

ஜிப்பா பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கிழிகிறது: இருபக்கத் திறப்பு முடியும் மேல்முனை. மோட்டார் சைக்கிளில் காலை அகட்டி உட்காரும்போது இழுப்பு முழுவதும் அந்தப் புள்ளியில் விழும். அங்கே நூல் விடாமல் பிடித்துக்கொள்ளும் குறுக்குத் தையலான கட்டுத்தையல் இல்லையென்றால் முதலில் நூல் விடும், பிறகு துணி கிழியும். உட்புறம் அதே துணியில் 3 சென்டிமீட்டர் முக்கோணத் துண்டு வைத்து, முனையில் குறுக்காக 1 சென்டிமீட்டர் நீளத்துக்கு நெருக்கமான ஸிக்ஸாக் தையல் போடச் சொல்லுங்கள். கிழிந்த ஜிப்பாவுக்கும் இது பொருந்தும்.

பட்டு ரவிக்கையில் அக்குள் தையல் விட்டால் உடம்பு பெருத்துவிட்டது என்று அந்தப் பெண்ணைச் சொல்வது நியாயமில்லை. வியர்வை, பட்டின் இழையை நைய வைக்கும். ரவிக்கையைக் கழற்றி அப்படியே அலமாரியில் மாட்டினால் சீக்கிரமே நையும். லைனிங் துணியை நனைக்காமல் வெட்டியிருந்தால், முதல் சலவையில் லைனிங் மட்டும் சுருங்கி மேல்துணியை இழுக்கும். பருத்தி மீட்டருக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர்கூடச் சுருங்கலாம். இரண்டு மணி நேரம் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் உலர்த்திய பிறகே வெட்ட வேண்டும். பக்கவாட்டில் உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டால் பிறகு தேவைப்படும்போது பிரித்துப் பெரிதாக்கலாம். அப்படி விடாத ரவிக்கைக்கும் வழி உண்டு: மலாய்ப் பெண்களின் உடையான பாஜு கூரோங்கில் கெக்கெக் என்ற அக்குள் துண்டு வைப்பதுபோல அக்குளில் 8 சென்டிமீட்டர் சதுரத் துண்டை மூலைவாட்டில் வைத்துத் தைத்தால் கை தாராளமாக உயரும்.

கறை விஷயத்தில் அவசரம்தான் துணியைக் கெடுக்கிறது. மஞ்சள் கறையில் சோப்பு பட்டதும் சிவப்பாகும். பயந்து பிரஷ் போட்டுத் தேய்த்தால் இழை பிய்ந்துபோகும். சோப்பை அலசிவிட்டு வெயிலில் போடுங்கள், மஞ்சள் தானாக வெளுக்கும். பட்டுக்கு மட்டும் வெயில் ஆகாது. செம்பனை எண்ணெய்க் கறைக்கு முதலில் பாத்திரம் கழுவும் திரவம் போட்டு எண்ணெயை எடுக்க வேண்டும். மிஞ்சும் ஆரஞ்சு நிறத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். ரப்பர் பால் பட்டால் ஈரம் காயுமுன் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். எலுமிச்சையும் வினிகரும் கூடவே கூடாது. தோட்டத்தில் பாலை உறைய வைப்பதே அமிலம்தானே, துணியிலும் அதையே செய்யும்.

ஒரு துணியின் சாயம் இன்னொன்றில் ஏறினால் காயவிடாதீர்கள்; ஈரத்தோடு மறுபடி மறுபடி அலச வேண்டும். உப்பு போட்டால் எல்லாச் சாயமும் நிற்கும் என்பது வெறும் நம்பிக்கை.

பட்டுப் புடவையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பது நம் ஊர் ஈரக்காற்றுக்கு ஒத்துவராது, கரும்புள்ளி விழும். பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றுங்கள். பாச்சா உருண்டை ஜரிகையைத் தொடக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றினால் மடிப்போரத்தில் இழை அறாது.

இன்னொரு வேண்டுகோள். பண்டிகைக்கு நான்கு நாள் இருக்கும்போது துணியைக் கொண்டுவந்தால் ஊறவைத்து உலர்த்த எங்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. மூன்று வாரம் முன்பே கொடுங்கள், கட்டுத்தையல் போட்டாயிற்றா என்று வாங்கும்போது திருப்பிப் பாருங்கள்.

இப்படிக்கு,
தையல் தொழிலாளர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்