அப்பா இல்லாத வீட்டைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

அன்புள்ள ஊர் மக்களுக்கும், உறவுகளுக்கும், அப்பாவின் பட்டாளத்து நண்பர்களுக்கும் வணக்கம்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது. வந்தவர்களிடம் நின்று இரண்டு வார்த்தை பேசக்கூட என்னால் முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

எங்கள் வேலூர் பக்கத்தில் பட்டாளத்துக்காரர் வீடு புதிதல்ல. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அப்பா 1966-இல் பெங்களூருக்குப் போய் ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். இருபது வருடம் கழித்து ஹவில்தாராக ஊர் திரும்பினார். அதுவரை லீவில் வந்த நாட்கள்தான் எங்களுக்குக் கிடைத்த அப்பா.

1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு போர் நடந்தபோது நான் கைக்குழந்தை. அம்மாவுக்குத் தெரிந்த முகவரி ‘56 ஏ.பி.ஓ.’ என்ற ராணுவத் தபால் நிலைய எண் மட்டும்தான், அதில் ஊர்ப் பெயர் இருக்காது. எதிர்வீட்டு அத்தை தினமும் ராத்திரி எங்கள் திண்ணையில் வந்து படுத்துக்கொண்டார். ரேடியோ வைத்திருந்த பெரியப்பா, செய்தி கேட்டதும் எங்கள் வாசலுக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாராம். ஜனவரியில் இன்லேண்ட் லெட்டர் வந்த அன்று தபால்காரத் தாத்தா தெருமுனையிலிருந்தே சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு வந்தார். “நலம். கை கால் எல்லாம் இருக்கிறது” என்பதுதான் முதல் வரி. கண்ணிவெடி எடுக்கப் போனவர் வீட்டுக்கு வேறென்ன வேண்டும்?

அந்தப் போரில், பாகிஸ்தான் பக்கம் பசந்தர் ஆற்றங்கரையில் டிசம்பர் 15 ராத்திரி கண்ணிவெடி எடுத்து டாங்கிகளுக்குப் பாதை போட்டவர்களில் அப்பாவும் ஒருவர். வேலை முழுதாக முடிவதற்குள்ளேயே டாங்கிகள் உள்ளே நுழைந்துவிட்டன. மறுநாள் அங்கே உயிர்விட்டு, ராணுவத்தின் மிக உயர்ந்த வீர விருதான பரம்வீர் சக்ரா பெற்ற டாங்கிப் படை அதிகாரி அருண் கேத்தர்பாலுக்கு வயது 21. சண்டையைப் பற்றி வாயே திறக்காத அப்பா, வருடா வருடம் டிசம்பர் 16 அன்று விளக்கேற்றி வைத்து, “நாங்க போட்ட பாதையிலதாம்மா அந்தப் பையன் போனான்” என்று மட்டும் சொல்வார்.

பென்ஷன் வந்த பிறகு அப்பா முழுநேர வீட்டு மனிதர். என் தங்கைக்குத் தலை பின்னப் பழகிக்கொண்டார். ஞாயிறு சாயங்காலம் எங்கள் எல்லோருடைய ஷூவையும் வரிசையாக வைத்து, பாலிஷ் போட்டு, பழைய பனியன் துணியால் முகம் தெரியும்வரை தேய்ப்பார். கொல்லையில் ஒரு கத்தரி நாற்று நடுவதென்றாலும் முதலில் விரலால் மண்ணைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கொத்துவார். அந்த விரல்களை நான் கடைசிவரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பக்கவாதம் வந்து படுத்த மூன்று மாதமும் அப்பா வீட்டிலேயே இருந்தும் எங்களோடு இல்லை. அப்போதும் நீங்கள்தான் வந்தீர்கள். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் எங்களுக்காக ரெஃபரல் சீட்டு வாங்கி வந்த முன்னாள் படைவீரர் சங்கத்து அண்ணனுக்கு நன்றி. தினமும் காலையில் வந்து அப்பாவைத் திருப்பிப் படுக்கவைத்து, முதுகில் பவுடர் போட்டுவிட்ட நர்ஸ் அக்கா, நீங்கள் இல்லையென்றால் அவருக்குப் படுக்கைப்புண் வந்திருக்கும். அம்மாவின் குடும்பப் பென்ஷன் தாள்களை இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்து நிரப்பிய டீச்சருக்கும், அடுப்பே மூட்டாத நாட்களில் தூக்குச்சட்டியில் ரசம் சாதம் கொண்டுவந்த தெருப் பெண்களுக்கும் என்ன சொல்வேன்!

பெங்களூரிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் வந்த அப்பாவின் கூட்டாளிகளே, மெட்ராஸ் சாப்பர்ஸ்காரர்களுக்குத் ‘தம்பி’ என்றுதான் பெயர். எண்பதை நெருங்கிய மூன்று பேர், ஒருவர் கைத்தடியோடு, அப்பாவின் தலைமாட்டில் நின்று “தம்பி, போயிட்டு வா” என்று சல்யூட் அடித்தீர்கள். அதுவரை அழாத அம்மா அப்போதுதான் அழுதார். அது அவருக்கு வேண்டியிருந்தது. நீங்கள் வந்ததற்குக் கோடி நன்றி.

கடைசியாக ஒருவனுக்கு. அடுத்த தெருவில் ராணுவத் தேர்வுக்கு ஓடிப் பழகிக்கொண்டிருக்கும் பையன், அன்று விடியற்காலையில் யாரும் சொல்லாமலே அப்பாவின் கறுப்பு ஷூவை எடுத்துப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். பழைய பனியன் துணியால்தான் தேய்த்தான். அப்பாவிடம் கற்றுக்கொண்டானாம். தம்பி, அந்த பிரஷும் டப்பாவும் உனக்குத்தான். அம்மா எடுத்து வைத்திருக்கிறார், வந்து வாங்கிக்கொள்.