கஞ்சா வளர்த்துப் பிடிபட்டவருக்கும் லைசன்ஸ் கொடுங்கள்: கனடிய சுகாதார அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு சுகாதார அமைச்சருக்கும், ஸ்காபரோத் தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். 2018 ஒக்டோபர் 17ஆம் திகதி கனடாவில் கஞ்சா சட்டபூர்வமானது. அதற்கு முதல்நாள் வரை ஆட்களைச் சிறைக்கு அனுப்பிய அதே வேலைக்கு அன்றிலிருந்து அரசாங்கமே லைசன்ஸ் கொடுத்து வரியும் எடுக்கிறது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தத் திகதிக்கு முன்னால் அகப்பட்டவர்களுக்கு என்ன செய்தீர்கள் என்பதைத்தான் கேட்கிறேன்.

சட்டைப்பையில் கொஞ்சம் வைத்திருந்து பிடிபட்டவர்களுக்கு ஏதோ செய்தீர்கள், சரி. குற்றப்பதிவை இடைநிறுத்தும்படி, அதாவது அழிக்காமல் மற்றவர் கண்ணில் படாமல் ஒதுக்கி வைக்கும்படி, அவர்கள் விண்ணப்பிப்பதற்கு இருந்த 631 டொலர் கட்டணத்தையும் காத்திருக்கும் காலத்தையும் 2019 ஓகஸ்டில் நீக்கினீர்கள், 2022இல் போதைப்பொருள் வைத்திருந்த வழக்குகளின் பதிவுகளைத் தனியே பிரித்து வைக்கவும் சட்டம் செய்தீர்கள். ஆனால் வளர்த்தவருக்கும் விற்றவருக்கும் இவை எதுவுமே இல்லை. வழக்கின் வகையைப் பொறுத்து, தண்டனை முடிந்து ஐந்தோ பத்தோ வருடம் பொறுத்திருந்துதான் அவர் பதிவை இடைநிறுத்தும்படி விண்ணப்பிக்கலாம். இன்று நீங்கள் லைசன்ஸ் கொடுப்பதே வளர்க்கவும் விற்கவும்தானே?

எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டு பேஸ்மென்டில் செடி வளர்த்துப் பிடிபட்டவர். அப்போது இளம் வயது, இப்போது இரண்டு பிள்ளைகளின் தகப்பன். இலை நுனி கருகியிருந்தால் உரம் கூடிவிட்டது, கீழ் இலைகள் மஞ்சளானால் நைட்ரஜன் காணாது என்று பார்த்த உடனேயே சொல்லுவார். பூவின் மேல் நிற்கும் பிசின் மணிகளைச் சின்ன பூதக்கண்ணாடியால் பார்த்து, கண்ணாடி போல் இருந்தது பால் நிறத்துக்கு மாறிவிட்டதா என்று கவனித்துத்தான் அறுவடைக்கு நாள் குறிப்பார். உங்கள் விதிகளின்படி கஞ்சா வளர்க்கும் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு தலைமை வளர்ப்பாளரை வைத்திருக்க வேண்டும். அந்த வேலைக்கென்றே பிறந்த ஆள் இவர், ஆனால் விண்ணப்பிக்கவே இல்லை. தலைமை வளர்ப்பாளர், பாதுகாப்புத் தலைவர், இயக்குநர்கள் எல்லோருக்கும் பாதுகாப்பு அனுமதி வேண்டும், அதற்குப் பொலிஸ் பதிவுகளைத் துருவுவார்கள், கைரேகை கொடுக்க மறுபடியும் போய் நிற்க வேண்டும். ஒருமுறை அந்த மேசைக்கு முன் விலங்கோடு நின்றவருக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கஞ்சாச் சட்டத்தின் 62ஆம் பிரிவு, கடந்த பத்து வருடங்களுக்குள் போதைப்பொருள் சட்டத்தை மீறியவருக்கு அமைச்சர் லைசன்ஸை மறுக்கலாம் என்கிறது. மறுத்தே ஆகவேண்டும் என்று இல்லை, அது எனக்கும் தெரியும். சிறிய, வன்முறையில்லாத பழைய வழக்குகள் தடையாகாது என்று உங்கள் அமைச்சு 2018இல் சொன்னதும் தெரியும். ஆனால் முடிவு அமைச்சரின் கையில் இருக்கும்வரை, இப்படி ஒருவரை நம்பி எந்தப் பங்காளி காசு போடுவார்? 2028 வந்தால் அந்தப் பத்து வருடம் தானாகக் கழிந்துவிடும் என்று யாராவது சொல்லக்கூடும். பாதுகாப்பு அனுமதி அப்போதும் இருக்கும், அதற்குள் சந்தையையும் மற்றவர்கள் பங்குபோட்டு முடித்திருப்பார்கள்.

யார் பங்குபோட்டார்கள் என்றும் பாருங்கள். கஞ்சாவைச் சட்டமாக்குவதென்றால் கொலையையும் சட்டமாக்கலாமே என்று 2004இல் பேசிய ரொறன்ரோவின் முன்னாள் பொலிஸ் தலைவர் ஜூலியன் பன்ரினோ, 2017இல் ஒரு மருத்துவக் கஞ்சா நிறுவனத்தின் தலைவரானார். அவர் மனம் மாறியதில் எனக்குக் கோபம் இல்லை, மாறட்டும். பிடித்தவர் நிறுவனம் நடத்தலாம், பிடிபட்டவர் வாசலில் நிற்க வேண்டும் என்பதைத்தான் என்னால் ஏற்கமுடியவில்லை. 2020இல் ரொறன்ரோ ஆய்வாளர்கள் எடுத்த கணக்கில் கனடிய கஞ்சா நிறுவனங்களின் தலைமைப் பதவிகளில் 84 சதவீதம் வெள்ளையரிடம் இருந்தது. அதே ரொறன்ரோவில் பிடிபடும்போது கறுப்பினப் பெடியன்கள்தான் அளவுக்கு மீறிப் பிடிபட்டார்கள் என்பது பொலிஸின் சொந்தத் தரவிலிருந்தே வெளிவந்த விஷயம்.

பக்கத்திலே நியூயோர்க் மாநிலத்தைப் பாருங்கள். 2022இல் அங்கே சில்லறைக் கடைகளுக்கான முதல் லைசன்ஸ்களைப் பழைய கஞ்சா வழக்கு உள்ளவர்களுக்கும் அவர்களின் நெருங்கிய குடும்பத்தாருக்கும் ஒதுக்கினார்கள். அந்தத் திட்டத்தை எதிர்த்து வழக்குகள் வந்தன, கடைகள் திறப்பது இழுபட்டது, லாபத்தில் ஓடிய தொழில் ஒன்றை ஏற்கெனவே வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையால் ஏழைகள் பலர் வெளியே நின்றார்கள், இது எல்லாம் உண்மை. ஆனாலும் தண்டிக்கப்பட்டவருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம் என்று ஒரு அரசு சட்டத்திலேயே எழுதியது. கனடா அந்த அளவுக்குக்கூட வரவில்லை.

நான் கேட்பது முன்னுரிமைகூட இல்லை. 2018 ஒக்டோபர் 17க்கு முந்திய, ஆயுதமும் வன்முறையும் இல்லாத கஞ்சா வழக்குகளை, வளர்த்ததும் விற்றதும் உட்பட, லைசன்ஸுக்கும் பாதுகாப்பு அனுமதிக்கும் கணக்கில் எடுக்கக்கூடாது என்று விதியில் எழுதுங்கள். அப்புறம் அந்தப் பதிவுகளை இடைநிறுத்தாமல் அழியுங்கள். ஒருபாலுறவுக்காக முன்பு தண்டிக்கப்பட்டவர்களின் பதிவுகளை அழிக்க 2018இல் இதே நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது, ஆகவே வழி தெரியாது என்று சொல்லமுடியாது. ஸ்காபரோ உறுப்பினர்களே, உங்களில் யார் இதை ஒரு மசோதாவாகச் சபைக்குக் கொண்டுபோவீர்கள் என்று எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோவில் வாழும் ஒரு வாக்காளர்