மேய்ச்சல்காட்டுச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் பெரியோர்களுக்கும், ஆட்டைப் பிள்ளைகளிடம் பார்க்கச் சொல்லிவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நாம் செய்த பெரிய காரியம், மேய்ச்சல் நிலமான நம் தரவையின் மேற்குப் பாதியில் ஐப்பசி முதல் தை வரை ஆடு இறங்காமல் காத்ததுதான். சென்ற கூட்டத்தில் இதற்கு எதிர்ப்பு பலமாக இருந்தது. "மழை பெஞ்சு புல்லு முளைக்கிற நேரத்துல ஆட்டை எங்க அண்ணாச்சி கொண்டுபோகச் சொல்லுதிய?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நம் பக்கம் மழை என்றால் வடகிழக்குப் பருவ மழைதான். கொழுக்கட்டைப்புல் அந்த மழையில்தான் தூர் கட்டிக் கதிர் விட்டு விதை உதிர்க்கிறது. முளைத்த வாரமே மேய்த்தால் தூர் அற்றுப்போகும். சில ஆண்டுகளில் எருக்குதான் மிஞ்சும். கிழக்குப் பாதியையும் உடைமரக் கொப்பையும் வைத்துச் சமாளித்தோம். மாசியில் மேற்கே திறந்துவிட்டபோது புல் முழங்கால் உயரம் நின்றது. கேள்வி கேட்டவரின் ஆடுகள்தான் முதலில் இறங்கின.

அந்தப் புல்லுக்குள் பூனைப்பருந்துகள் அடைந்தன. பனிக்காலத்துக்கு வடக்கே இருந்து வரும் இந்தப் பறவைகள் மரத்தில் அடைவதில்லை. பொழுது சாயும் நேரம் தாழ்வாக வட்டமிட்டு, ஒவ்வொன்றாகத் தரையிலேயே இறங்கிவிடும். பகலில் வெட்டுக்கிளியைப் பிடித்துத் தின்னும். புல் நிற்காத காட்டில் அவற்றுக்கு இராத்தங்கல் இல்லை. மார்கழி முழுக்கச் சாயங்காலத்தில் நாய்களைக் கட்டிப்போட்ட அத்தனை வீட்டாருக்கும் நன்றி. பக்கத்திலேயே கூந்தன்குளத்தார் இருக்கிறார்கள். 1994-இல் சரணாலயமாக அறிவித்ததற்கு முன்பிருந்தே நாரைகளுக்காக வெடி வெடிக்காமல் இருக்கிற ஊர் அது. நாம் நாய் கட்டுவது பெரிய காரியமில்லை.

சீமைக்கருவேல் வேலையில் ஒரு பிழை நேர்ந்தது. வெட்டிவிட்டால் கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும். தூரோடு தோண்ட வேண்டும். அதற்காக ஆவணிக் கடைசியில் ஜேசிபி வைத்தோம். அன்று நான் திசையன்விளைக்குக் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் கருவேலோடு ஆறு உடைமரங்களும் வேரோடு சாய்ந்து கிடந்தன. எல்லாம் முள்மரம்தானே என்று ஓட்டுநர் நினைத்துவிட்டார். மரங்களில் முன்கூட்டியே துணி கட்டி வைக்காதது என் தவறு. சபையில் அதை ஒப்புக்கொள்கிறேன். குடை விரித்தாற்போல் நின்ற அந்த நிழலில்தான் சித்திரை மத்தியானத்தில் ஆடு அசைபோட்டுக்கொண்டு கிடக்கும். ஆறும் நம் அப்பாமார் காலத்து மரங்கள்.

கருவேலைப் பரப்புவதும் நம் ஆடுதான் என்பதை மறக்கக் கூடாது. கோடையில் தின்கிற நெற்றின் கொட்டை வயிற்றில் செரிக்காமல் புழுக்கையோடு வந்து, கிடை போட்ட வயலில் முளைக்கிறது. ஆகவே நெற்று உதிரும் காலத்துப் புழுக்கையைக் குழியில் போட்டு நன்றாக மக்கவைத்த பிறகே வயலுக்குக் கொடுங்கள். கன்றுகளைக் கார்த்திகை ஈரத்தில் கையாலேயே பிடுங்கிவிடலாம்.

கோடையில் தண்ணீர்த் தொட்டியைத் தரையோடு தரையாகக் கட்டி, உள்ளே கல் அடுக்கிச் சரிவு வைத்தோம். விழுந்த ஓணானோ அணிலோ ஏறி வரட்டும் என்பதற்காக. அதன் இன்னொரு பயனைக் கண்டது, தினமும் அங்கே ஆடு பற்றி வரும் ஓர் அக்கா. ஆட்டுத்தடத்தின் ஓரத்திலேயே ஆட்காட்டி நான்கு முட்டை இட்டிருந்தது. கூடு என்று ஒன்றும் இல்லை. சரளைக்கு நடுவே சரளை போலவே கிடந்தன. அக்கா சுற்றிலும் உடைமுள்ளை வளைத்து வைத்தார், ஆடுகள் விலகி நடந்தன. உச்சிவெயிலில் அந்தப் பறவை தொட்டிக்கு வந்து வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு ஓடிப்போய் முட்டைமேல் உட்காரும். முட்டை வெந்துவிடாமல் இருக்க அது கண்ட வழி. நானும் ஒருநாள் வேப்பமரத்தடியில் இருந்து பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்குள் மூன்று தடவை வந்தது. நான்கும் பொரித்தன.

மொட்டைப் பனைகளை விறகுக்குக் கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்கவில்லை. அந்தப் பொந்துகளில்தான் பனங்காடையும் மைனாவும் கிளியும் குஞ்சு பொரிக்கின்றன. விலைக்குக் கேட்டாலும் இனி கொடுப்பதில்லை என்று குழு முடிவு செய்திருக்கிறது.

ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரித் தடுப்பூசிகள் எல்லாப் பட்டிக்கும் போட்டாயிற்று. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

சபையின் ஒப்புதலுக்கு ஒன்றை வைக்கிறேன். இந்த ஐப்பசியில் கிழக்குப் பாதியைக் காத்து, மேற்கே மேய்ப்போம். சாய்ந்த ஆறு மரங்களின் இடத்தில் நட உடைவிதை சேகரித்து வைத்திருக்கிறேன். முதல் மழை விழுந்த மறுநாள் காலை, வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு தொட்டியடிக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்