நல்ல தண்ணீர் ஒப்பந்தத்தை மாமன்றத்தில் வையுங்கள்

கோவை மாநகராட்சியின் மேயர் அவர்களுக்கும் மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பழைய மாநகரப் பகுதியின் 60 வார்டுகளுக்கு 24 மணி நேரமும் நல்ல தண்ணீர் வழங்கும் பணி, 2018-ல் பிரான்ஸின் சூயஸ் நிறுவனத்திடம் 26 ஆண்டுகளுக்கு ஒப்படைக்கப்பட்டது. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்து, 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது என்பதால், ஐந்து மாமன்றங்களின் ஆயுளைக் கட்டுப்படுத்தும் இந்த ஒப்பந்தம் கையெழுத்தானபோது அதை விவாதிக்க மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை. என்னை உறுத்துவது இதுதான்.

குழாயில் தண்ணீர் வர நாள்கணக்கில் காத்திருந்த தெருக்கள் நம் நகரில் உண்டு. ஆகவே பொதுத்துறை என்றாலே குறையில்லை என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் தனியார் பங்கேற்பின் பாடம் நமக்கு மிக அருகில், திருப்பூரிலேயே கிடைக்கிறது. பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரத் திட்டமிட்ட அங்கே, சாயப்பட்டறைகள் கூடுதல் விலைக்கு வாங்கும், அந்த வருவாயில் நகரத்துக்கும் கிராமங்களுக்கும் மலிவாகத் தரலாம் என்பதே கணக்கு. நொய்யல் மாசுபட்ட வழக்கில் 2011-ல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதும் தண்ணீர் வாங்குவோர் குறைந்தார்கள், திட்டத்துக்கான கடன் குறையவில்லை. (ஆற்றைக் காக்க வந்த அந்தத் தீர்ப்பு சரியானதே.) தேவை குறைந்தால் இழப்பு யாருடையது என்பதை முதல் நாளே தெளிவாக எழுதி, மக்கள் அறியச் செய்திருக்க வேண்டும்.

குடிநீர்க் கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் மாநகராட்சியிடமே உள்ளது என்று நிர்வாகம் சொல்லிவருகிறது. அப்படியானால் ஒப்பந்தத்தின் அந்தப் பிரிவை மக்கள் படிக்கத் தடையேது? சிறுவாணியும் பில்லூரும் நமக்குத் தருவது பொது நீர், அதைச் சுமக்கும் குழாய்களும் பொதுச் சொத்து. எனவே ஒப்பந்தம் முழுவதையும் எளிய தமிழில் வெளியிடுங்கள். இழப்பு, தாமதம், கட்டணம், இடையில் ரத்து செய்வதற்கான இழப்பீடு ஆகிய பிரிவுகளை ஒவ்வொன்றாக மாமன்றத்தில் விவாதியுங்கள். பொதுக்குழாயை நம்பியிருக்கும் குடியிருப்புகளுக்கு அது இல்லாமல் போகாது என்பதைத் தீர்மானமாகவே நிறைவேற்றுங்கள். இந்த மாமன்றத்தின் பதவிக்காலம் முடிவதற்குள் இதைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோவைக் குடிநீர் இணைப்புதாரர் ஒருவர்