சுந்தரத்துக்கு, என் பச்சைக் கட்டங்களைப் பற்றி

கும்பகோணம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. கறுப்புக் கண்ணாடி போடாமல் வெயிலில் கிளம்பாதே. தங்கச்சி சொன்னால் கேட்கமாட்டாய், நான் சொல்கிறேன். இங்கே சரோஜாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

எந்தப் பங்கை வாங்கலாம் என்று பார்க்க நான் போட்டு வைத்திருக்கும் எக்ஸெல் ஷீட்டைக் கேட்டிருக்கிறாய். பச்சை காட்டுகிற பங்கில், பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிய கம்யூடேஷன் பணத்தில் பாதியைப் போடப் போகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டுத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

சந்தை நடக்கிற நாளெல்லாம் சாயங்காலம் தேசியப் பங்குச் சந்தையான என்.எஸ்.இ. அன்றைய விலைப் பட்டியலை வெளியிடும். பாவ்காப்பி என்பார்கள், இந்தியில் பாவ் என்றால் விலை. எந்தப் பங்கு என்ன விலையில் தொடங்கியது, எங்கே முடிந்தது, எத்தனை கைமாறியது எல்லாம் இருக்கும், காசு கிடையாது. டெலிவரிக் கணக்கும் கிடைக்கும். அன்றே வாங்கி அன்றே விற்றவர்களைக் கழித்துவிட்டு, வாங்கியவரின் டீமேட்டுக்கு, அதாவது பங்குகளை வைத்திருக்கும் கணக்குக்கு, நிஜமாகவே போன பங்கு எத்தனை என்பது அது. விலை 52 வாரத் தாழ்வுக்கு, அதாவது ஒரு வருஷத்தில் தொட்ட மிகக் குறைந்த விலைக்கு, பக்கத்தில் இருந்து, கைமாறியதில் டெலிவரி 60 சதவீதத்தைத் தாண்டினால், விவரம் தெரிந்த யாரோ சத்தமில்லாமல் சேர்க்கிறார்கள் என்பது என் ஊகம். காலாண்டு முடிவும் சரியாக இருந்தால் கட்டம் பச்சையாகும். என் வித்தை அவ்வளவுதான்.

2024 தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, அக்டோபர் 28ஆம் தேதி ராத்திரி, ரிலையன்ஸ் பாதி விலைக்கு விழுந்துவிட்டதாக ஷீட் சொன்னது. எனக்கு நெஞ்சு படபடத்துவிட்டது. சரோஜாவிடம் வங்கிப் பாஸ்புக் எங்கே என்றுகூடக் கேட்டேன். பிறகு பார்த்தால், இருந்த ஒவ்வொரு பங்குக்கும் இன்னொன்றை இலவசமாக, போனஸாகக் கொடுத்து, அன்றுதான் விலை அதற்கேற்ப மாறியிருக்கிறது. ஒரு பங்கு இரண்டானால் விலை பாதியாகத்தானே செய்யும்! பழைய விலைகளையும் பாதியாக்காமல் விட்டது என் தப்பு.

அது சின்னத் தப்பு. பெரியது வேறு. 2008இலிருந்து இந்த முறையில் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று போட்டுப் பார்த்தபோது லாபம் கொட்டியது. நாலு நாள் தரையில் கால் பாவவில்லை. ஐந்தாம் நாள்தான் உறைத்தது: நான் எடுத்துக்கொண்டது இன்றைய நிஃப்டி 50, அதாவது என்.எஸ்.இ.யின் ஐம்பது பெரிய கம்பெனிகளின் பட்டியல். 2008 பட்டியலில் சத்யம் இருந்தது, யூனிடெக் இருந்தது, சுஸ்லான், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் இருந்தன. விழுந்தவற்றை எல்லாம் விட்டுவிட்டு, பிழைத்து நின்றவற்றை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

உனக்கு நினைவிருக்கும். வேலையில் இருந்தபோது விளைச்சலை மதிப்பிடப் பயிர் அறுவடைப் பரிசோதனைக்குப் போனால் ரோட்டோரம் தளதளவென்று நிற்கும் வயலைக் காட்டி, ‘இங்கேயே அஞ்சுக்கு அஞ்சு மீட்டர் முளை அடிச்சிடலாம் சார்’ என்பார்கள். குலுக்கல் மாதிரி வயலைத் தேர்ந்தெடுக்கும் சமவாய்ப்பு எண் அட்டவணையைத் தூக்கிக்கொண்டு, வரப்பில் வழுக்கி விழுந்தாவது குறித்த வயலுக்குத்தான் போகவேண்டும் என்று என்னை இழுத்துக்கொண்டு போனவன் நீ. சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யாத தப்பை ஓய்வுபெற்ற பிறகு சொந்தக் காசில் செய்திருக்கிறேன்.

இன்னொன்றும் இருந்தது. மார்ச் காலாண்டு முடிவுகள் பல நிறுவனங்களுக்கு மே மாதம்தான் வரும். என் ஷீட் அதை ஏப்ரல் முதல் தேதியே தெரிந்துகொண்டு வாங்கியிருக்கிறது. இதையெல்லாம் திருத்தி, வாங்கும்போதும் விற்கும்போதும் பிடிக்கும் 0.1 சதவீத வரி, ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீத வரி இவற்றையும் கழித்தபோது, முதலில் வந்த லாபத்தில் பாதிகூடத் தேறவில்லை. பேசாமல் பட்டியலில் உள்ள எல்லாப் பங்கையும் சேர்த்து வாங்கும் ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டுவிட்டுப் பேரனோடு கேரம் ஆடியிருக்கலாம்.

அதற்காக ஷீட்டைத் தூக்கி எறியவில்லை. இப்போது அது எனக்கு எதை வாங்கக்கூடாது என்று சொல்கிறது. புரமோட்டர், அதாவது கம்பெனியைத் தொடங்கி நடத்துகிறவர், தன் பங்கை அடகு வைத்திருப்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் பங்குதாரர் பட்டியலிலேயே இருக்கும். அது ஏறிக்கொண்டே போனால் சிவப்பு. லாபம் காட்டிவிட்டுக் கையில் ரொக்கம் வராத கம்பெனியும் சிவப்பு. இப்படிக் கழித்தபின் மிஞ்சுவதில் வருஷத்துக்கு இரண்டோ மூன்றோதான் வாங்குகிறேன். இதிலும் ஓட்டை உண்டு. சத்யம் கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று 2009 ஜனவரியில் அதன் தலைவரே ஒப்புக்கொண்டார். வயலுக்குப் போகாமல் வீட்டிலிருந்தே எழுதின அடங்கல், கிராமப் பயிர்க் கணக்கு மாதிரி. அதை எந்த ஷீட்டில் போட்டாலும் பச்சைதான் காட்டியிருக்கும்.

உன் மாப்பிள்ளை ஆப்ஷன் வியாபாரம், அதாவது விலை ஏறுமா இறங்குமா என்று முன்கூட்டி ஒப்பந்தம் போடும் வியாபாரம், செய்கிறார் என்றும் எழுதியிருக்கிறாய். இதில் எனக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வை அவரிடம் காட்டு. மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர், ஆப்ஷனில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தமாகப் போனது 1.8 லட்சம் கோடிக்கு மேல். மாமனார் சொன்னால் முகம் சுளிப்பார், அச்சடித்துக் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிடு.

மாசிமகத்துக்கு நீ வருவதாக இருந்தால் முன்னாலேயே சொல், மாடி அறையை ஒழித்து வைக்கிறேன். ஷீட்டைத் தபாலில் அனுப்பப் போவதில்லை. நீ வந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுகிறேன். டெலிவரிக் கணக்கில் இன்னும் ஒரு தப்பு இருக்கிறதோ என்று சந்தேகம், உன் கண்ணுக்குத்தான் அது படும். புதுக் கண் வேறு.

அன்புடன்,
வைத்தி